1700-இல் அமெரிக்க மேற்குக் கரையில் வந்த நிலநடுக்கத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. அப்புறம் தேதியும் நேரமும் எப்படிச் சொல்கிறார்கள்?

செத்த மரங்களும் ஜப்பானில் எழுதிவைத்த ஏடுகளும் சேர்ந்து சொன்ன தேதி அது: 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. சியாட்டில் பக்கம்தான் வசிக்கிறேன், அந்த மரங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் கோப்பாலிஸ் என்று ஒரு சிறிய ஆறு. அதன் உப்புச் சதுப்பில் சீடர் மரங்கள் பட்டை உதிர்ந்து, ஓர் இலைகூட இல்லாமல், சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. 'பேய்க்காடு' என்கிறார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் இந்தக் கடலோரச் சதுப்புகளின் கரையைப் பார்த்தால், அடியில் கறுப்பாகப் பழைய தரைமண், அதன்மேல் சில இடங்களில் ஆழிப்பேரலை விட்டுப்போன மெல்லிய மணல், அதற்கும் மேல் சேறு. 1986-இல் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் இந்த அடுக்கைக் கவனித்தார். காடு மெல்ல அழியவில்லை, தரை திடீரென்று இறங்கி உப்புநீருக்குள் போயிருக்கிறது என்று புரிந்தது.

இறங்கக் காரணம் இதுதான். வான்கூவர் தீவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை சுமார் 1,000 கிலோமீட்டருக்கு, கடலடித் தட்டு ஒன்று கண்டத்தட்டின் கீழே நுழைகிறது. இதைக் காஸ்கேடியா என்பார்கள். இரண்டும் சிக்கிக்கொள்வதால் மேல்தட்டு வில்லாக வளைந்து, கடலோரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. சிக்கல் விடுபட்டதும் கடலோரம் சட்டென்று தாழ்கிறது, கடலடி எம்பித் தண்ணீரைத் தூக்குகிறது.

மரம் செத்த காலத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். தண்டின் வெளி வளையங்கள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துவிட்டன. சேற்றில் புதைந்த வேர்களில் மட்டும் பட்டை அப்படியே இருந்தது. அவற்றைத் தோண்டி எடுத்து, வளையங்களை உயிரோடு நிற்கும் பழைய மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டு எண்ணியபோது, 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் செத்த மரங்கள் என்று தெரிந்தது. ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கெஞ்சி சதாகேயின் குழுவினரோ 1996-லேயே ஜப்பானின் பழைய ஏடுகளைப் பார்த்து, 1700 ஜனவரியில் நிலம் அதிராமலே வந்த ஓர் அலையைக் காஸ்கேடியாவோடு இணைத்திருந்தார்கள். பசிபிக்கைக் கடக்க அலைக்குச் சுமார் 10 மணி நேரம். அதைக் கழித்துத்தான் நாளும் நேரமும் கிடைத்தன. நிலநடுக்கத்தின் அளவு 9-ஐ ஒட்டியது என்கிறார்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். அதிர்வே தெரியாமல் அலையை மட்டும் பார்த்த அந்த ஜப்பானியர்களை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ரா அருகே நடுங்கியது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலைதான் வந்தது.

காஸ்கேடியா கரையில் அந்த அவகாசம் கிடையாது. சில நிமிடம் நிலம் விடாமல் ஆடும், பல இடங்களில் அரை மணிக்குள் முதல் அலை வந்துவிடும். ஆட்டம்தான் எச்சரிக்கை, சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆட்டம் நின்றதும் காரை எடுக்காமல் நடந்தே மேட்டுக்குப் போய்விட வேண்டும். மேடே இல்லாத வெஸ்ட்போர்ட் என்ற கடலோர ஊரில் 2016-இல் பள்ளிக்கூட மொட்டைமாடியையே ஊர் ஏறி நிற்கும் இடமாகக் கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் அந்தக் கரையில் தங்கப் போனால், பெட்டியை இறக்குவதற்கு முன்னாடியே பிள்ளைகளோடு ஆழிப்பேரலைக்குத் தப்பும் வழி என்று நீலப் பலகை காட்டும் பாதையில் மேடு வரை நடந்து பார்த்துவிடுவோம். போன தடவை சின்னவளின் நடைக்கு 14 நிமிடம் ஆனது.