தொழில் கேள்வி–பதில்: கருவாட்டில் போடும் முதல்

கேள்வி: கணவரும் தம்பியும் கடல் தொழில். நான் கருவாடு பொதி செய்து விற்க யோசிக்கிறேன். கையில் 3 இலட்சம் ரூபா இருக்கிறது. திருகோணமலை நகரில் கடை எடுத்து, வக்யூம் மெஷினும் வாங்கித் தொடங்கலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: கடை வேண்டாம், மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். கடை முற்பணமும் மெஷினும் உங்கள் முதல் பணத்தை விழுங்கிவிட்டால், கரைவலையில் மீன் மலிந்து கிடக்கிற நாளில் வாங்கக் காசு இருக்காது. கருவாட்டில் இலாபம் தருவது காலம். நம் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. கச்சான் காற்றும் வெயிலும் மீனைக் காய வைத்துத் தரும். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும். பல நாட்கள் வள்ளம் இறங்காது, மீன் காயாது, கருவாட்டு விலை ஏறும். வெயிலில் செய்ததை மாரியில் விற்கும்வரை உங்கள் காசு சரக்காகவே கிடக்கும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் முதல் தேவை.

எனவே இப்படிப் பிரியுங்கள்: மீன் காயவைக்கும் பரண், நுளம்பு வலை, டிஜிட்டல் தராசு, பை வாயை ஒட்டும் கைச் சீலருக்கு 45,000. உப்பு, பை, லேபல், பதிவுச் செலவுக்கு 25,000. மீன் வாங்கிச் சுழற்ற 1,30,000. மிச்சம் 1,00,000ஐத் தொடவே கூடாது. செய்த சரக்கில் பாதியை உடனே விற்றுக் காசை மீட்டு, மறுபாதியை மட்டும் மாரிக்கு வையுங்கள்.

முதலில் 30 கிலோ கட்டா மீன் வாங்கி ஒரு முறை செய்து பாருங்கள். குடல் நீக்கிப் பிளந்தால் ஏறக்குறைய 22 கிலோ நிற்கும். அதற்கு 7 கிலோ உப்பு. காய்ந்து வருவது 10 கிலோவை ஒட்டித்தான். பலர் சறுக்குவது இங்கேதான்: பச்சை மீன் கிலோ 600 என்றால் ஒரு கிலோ கருவாட்டுக்கு மீன் செலவு மட்டுமே 1,800. உப்பு, ஐஸ், பை, போக்குவரத்து, உங்கள் சொந்தக் கூலி எல்லாம் அதற்கு மேல். வீட்டுப் படகின் மீனென்றாலும் அன்றைய ஏல விலையையே கணக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் கருவாடு உழைக்கிறதா, படகு உழைக்கிறதா என்று தெரியாமல் போகும்.

உப்பை அள்ளிய சூட்டோடு வாங்காதீர்கள். புது உப்பில் மக்னீசியம் கூட. கசக்கும், ஈரத்தையும் இழுக்கும். சில மாதம் குவித்துக் கிடந்த உப்பே நல்லது. மிக நுணுக்கமான உப்பும் ஆகாது: வெளித் தசை சட்டென இறுகிவிடும், உள்ளே ஈரம் நின்று பழுதாகும். பரண் இடுப்பளவு உயரமாக இருக்கட்டும், வலையால் முழுக்க மூடுங்கள். முதல் நாள் ஈரத்தில்தான் இலையான் முட்டையிடும். பூச்சி மருந்து ஒருபோதும் அடிக்காதீர்கள், அதைச் சாப்பிடப் போவது மனிதர்கள்.

காய்ந்ததா என்று கையால் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு மீனின் வாலில் நூல் கட்டி, ஒவ்வொரு மாலையும் அதையே நிறுங்கள். நிறை இறங்குவது நின்றால்தான் பொதி செய்யலாம். அப்போதும் பரணிலிருந்து சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் நன்றாக ஆறட்டும். மெல்லிய பையை முள் குத்திவிடும், தடித்த பையே வாங்குங்கள். மாரிக்கு வைத்த சரக்கை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சிவப்புப் படர்ந்திருந்தால் அந்தப் பொதியை உடனே ஒதுக்குங்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான பத்திரமும் கேட்பார்கள். பரண் அடிக்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். கட்டிய பிறகு மாற்றச் சொன்னால் இரட்டைச் செலவு.

கேள்வி: எருமைத் தயிர் போடுகிறேன். ஒரு ஹோட்டல் தினம் 20 சட்டி கேட்கிறது, காசு மாத முடிவில். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: முதல் காசு கைக்கு வரும்போது 600 சட்டி கடனில் நிற்கும். சட்டி ஒன்றுக்கு உங்கள் செலவு 400 என்றால் 2,40,000 ரூபா. அவ்வளவு காலம் பால்காரர் பொறுப்பாரா? பொறுக்கமாட்டாரென்றால் 5 சட்டியுடன், கிழமைக்கொரு கணக்கு என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் இறக்கிய எண்ணிக்கைக்குத் துண்டில் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுச் சட்டி திரும்பி வருவதையும் அதே துண்டில் குறியுங்கள்.