எடுத்த கையோடு மார்க் போடாதீர்கள்: சீஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சீஸ்களை வாங்கி, ருசி பார்த்து விமர்சனம் எழுத ஆசை. ஆனால் எல்லாமே உப்பும் கொழுப்புமாக ஒரே மாதிரி இருக்கிறது. என் நாக்கில் ஏதும் கோளாறா?

பதில்: நாக்கைத் திட்டாதீர்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு வாயில் போட்டிருப்பீர்கள். குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை எழும்பாது, கடைசியில் தெரிவது உப்பு மட்டும்தான். அரை மணி நேரமாவது வெளியே வையுங்கள், பெரிய கட்டி என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், காயாமல் மூடி வைத்தால் போதும். அப்புறம் ஒரு துண்டை உடைத்து முகர்ந்துவிட்டு, மெதுவாக மென்றபடியே வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பாருங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான் என்பதால், ப்ரீ என்ற சீஸின் வெள்ளைத் தோலில் உள்ள காளான் வாடையும், முதிர்ந்த கௌடா சீஸில் உள்ள கேரமல் இனிப்பும் அப்போதுதான் பிடிபடும். மென்மையான ருசி உள்ளதில் ஆரம்பியுங்கள். ராக்ஃபோர்ட் மாதிரி நீலப் பூஞ்சை சீஸை முதலில் தின்றுவிட்டால், பிறகு வரும் மொசரெல்லா பாவம், அதற்கு நியாயமே கிடைக்காது.

இன்னொன்று, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள். முன்பக்கம் முழுக்க விளம்பரம். ப்ராசஸ்டு ஸ்லைஸ் என்பது சீஸை உருக்கி, சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்த்து, கொழுப்பு பிரிந்து ஓடாதபடி செய்தது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய வழக்கம். அது நன்றாக உருகத்தான் பிறந்தது, எனவே சூடான ரொட்டியில் வைத்துத்தான் அதற்கு மார்க் போட வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற கெட்டியான இத்தாலிய சீஸோ குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகுதான் அந்தப் பெயரில் விற்பனைக்கே வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டு ஸ்லைஸுக்குப் பூஜ்யம் போடுவது விமர்சனம் ஆகாது, வம்பு! துருவி விற்பதை விமர்சனத்துக்கு வாங்கவே வேண்டாம் என்பேன். ஒட்டாமல் இருக்க அதில் பெரும்பாலும் மாவுச்சத்தோ செல்லுலோஸ் என்ற தாவர நாரோ தூவியிருப்பார்கள், சீஸின் பதம் அதில் சரியாகத் தெரியாது.

கேள்வி: பழைய சீஸைக் கடித்தால் நறநறவென்கிறதே, உப்புக் கல்லா?

பதில்: உப்பு இல்லை. சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகிறது. பார்மிஜானோவில் அது நல்ல அடையாளம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். செடார் சீஸின் வெளிப்பக்கம் தெரியும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் கால்சியம் லாக்டேட், தின்னலாம். ஆனால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் அது பூஞ்சை.

கேள்வி: ஆரஞ்சு செடாருக்கு வெள்ளையைவிட ருசி அதிகமா?

பதில்: அந்த நிறம் அன்னாட்டோ விதையிலிருந்து வருவது, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் என்றால் ஒரே அளவு முதிர்ந்த இரண்டையும் வாங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு வேறு யாரையாவது ஊட்டச் சொல்லுங்கள்.