சும்மா இருக்கும் மடிக்கணினி ஏன் இரைகிறது?

கேள்வி: விண்டோஸ் 10 இயங்கும் என் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்தாலே விசிறி இரைகிறது, எந்த வேலையும் செய்யாதபோதும் பிராசஸர் பயன்பாடு 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் (இயங்கும் நிரல்களின் பட்டியல்) ‘சிபியு’, அதாவது பிராசஸர், என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் நிரல் மேலே வரும். அது ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ அல்லது ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்றால், நீங்கள் கையெடுத்த நேரம் பார்த்துப் புதுப்பித்தலோ வைரஸ் சோதனையோ நடக்கிறது. மின் இணைப்போடு சில மணி நேரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் தானே அடங்கும்.

‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ மேலே நின்றால் கவனம் தேவை. அது நிரலே அல்ல. வன்பொருள்கள் பிராசஸரை இடைவிடாமல் அழைப்பதன் கணக்கு. யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பலரும் பார்க்கத் தவறுவது அதே டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்திலுள்ள பிராசஸர் வேகத்தை. இவ்வளவு சுமையிலும் அது ஒரு கிகாஹெர்ட்ஸைத் தாண்டாவிட்டால், விசிறித் துளைகளில் தூசி அடைத்துச் சூடேறியதால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கக்கூடும்; அப்போது சிறு வேலையும் நெடுநேரம் இழுக்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தூசியை நீக்கி, பிராசஸர் மீதுள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையையும் மாற்றச் சொல்லுங்கள்.