எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வயிறு மட்டும் சரியில்லை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் படித்து முடித்தபோது ஒன்று மனதை உறுத்தியது. ஊர் வேறு, வயது வேறு, ஆனால் வாக்கியம் ஒன்றுதான்: "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லைங்கறாங்க." ஒன்றும் இல்லை என்று கேட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். இவர்களில் யாரும் தூங்கவில்லை. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இன்னும் பெயர் கிடைக்காத வயிற்று உபாதைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 29 வயது, ஐ.டி. வேலை. மூன்று வருடமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிசைகிறது. கிளம்புவதற்குள் நான்கு முறை பாத்ரூம் போகிறேன். போனதும் வலி குறைகிறது. ஆபீஸ் பஸ்ஸில் ஏறினால், நடுவழியில் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வியர்க்கிறது. லீவு நாளில் அவ்வளவாக இல்லை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைங்க, ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் என் மனப்பிரமையா?
- வாசகர், சென்னை

இல்லை. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் குடலின் உருவத்தைக் காட்டும். புண், கட்டி, அடைப்பு, வீக்கம் இருந்தால் தெரியும். குடல் எப்படி அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. மின்கசிவு உள்ள வீட்டைப் படம் எடுத்தால் சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். தொட்டவருக்குத்தான் ஷாக் தெரியும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் எரிச்சல் குடல் நோய், அதாவது ஐ.பி.எஸ். எதுவும் கிடைக்காதபோது ஒப்புக்குச் சொல்லிவிடும் பெயர் அல்ல இது. குடல் நிபுணர்கள் கூடி வகுத்து 2016-ல் வெளியான நான்காவது ரோம் வரையறை இதற்குத் தெளிவான அளவுகோல் தருகிறது. கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, எத்தனை முறை போகிறோம் என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகளில், இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த காற்றிலேயே வலி வந்தது. அவர்களின் நரம்பு நிஜமாகவே அதிகம் உணர்கிறது. யோசித்துப் பாருங்கள், இது தொடங்குவதற்கு முன் கடுமையான வயிற்றுப்போக்கோ ஃபுட் பாய்சனோ வந்ததுண்டா? அப்படி ஒரு தொற்றுக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம், டென்ஷன். ஆஸ்திரேலியாவில் ஒரே மக்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. முதலில் பதற்றம் இருந்த சிலருக்குப் பின்னால் குடல் தொந்தரவு வந்தது. முதலில் குடல் தொந்தரவு மட்டும் இருந்த சிலருக்குப் பின்னால் பதற்றம் வந்தது. பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ஆகவே "டென்ஷனைக் குறை" என்பது பாதி உண்மை. வயிற்றைச் சரிசெய்தால் டென்ஷனும் குறையும் என்ற மீதிப் பாதியை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்), கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை ஆகியவை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பேதி, படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்தே வரும். சீலியாக் பரிசோதனைக்கு முன் சப்பாத்தியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பரிசோதனை பொய் சொல்லும். இவையும் சரியாக இருந்தால், தேடலை அங்கே நிறுத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கலாம்.

காலை நேரத்தில் பெருங்குடல் இயல்பாகவே வேகமாக இயங்கும். அதன்மேல் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி விழுந்தால் கேட்கவே வேண்டாம். காபியைச் சில வாரங்களுக்கு ஆபீஸ் போன பிறகு குடித்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்தால் அவசரம் குறையும். போதவில்லை என்றால் மருந்து உண்டு. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், அமிட்ரிப்டிலின் என்ற பழைய மாத்திரை 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கொடுத்தபோது நல்ல பலன் தந்தது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு அதிக அளவு. இந்தச் சிறிய அளவு குடலின் நரம்புகளை அமைதிப்படுத்தவே. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்" என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாய் உலரும், தூக்கம் வரும். அதனால் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

என் மகனுக்கு 22 வயது. ஆறு மாதத்தில் 7 கிலோ இளைத்துவிட்டான். வலது அடிவயிற்றில் வலி, சாயங்காலம் லேசான காய்ச்சல். கொலோனோஸ்கோப்பியில் சிறுகுடல் முடியும் இடத்தில் புண் என்றார்கள். ஒரு டாக்டர் குடல் டி.பி. என்கிறார், இன்னொருவர் கிரோன் நோய் என்கிறார். பெரிய டாக்டர்களுக்கே தெரியவில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?
- வாசகி, திண்டுக்கல்

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது முதல் கடிதத்தில் உள்ளது போன்ற நோய் அல்ல. எடை குறைவதும் காய்ச்சலும் இருக்கும்போது காத்திருக்கக் கூடாது.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொன்னதால் அவர்களின் திறமையைச் சந்தேகிக்க வேண்டாம். டி.பி. கிருமியால் வருவது, கிரோன் உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கி உண்டாக்கும் நாள்பட்ட அழற்சி. நம் நாட்டில் இந்த இரண்டு நோய்களையும் பிரிப்பது குடல் மருத்துவத்தின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தில் வரும், அதே வயதில் வரும், அதே மாதிரி இளைக்க வைக்கும். புண்ணிலிருந்து எடுத்த சதையில் டி.பி. கிருமி தெரிந்தால் முடிவு சுலபம். ஆனால் உண்மையிலேயே டி.பி. உள்ள பலருக்கும் அந்தச் சதையில் கிருமி சிக்குவதில்லை.

குழப்பம் தீராதபோது பெரும்பாலும் டி.பி. மருந்தைத்தான் முதலில் தொடங்குவார்கள். டி.பி. இருக்கிறவருக்குக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் டி.பி. உடல் முழுவதும் பரவிவிடும் ஆபத்து இருக்கிறது. மருந்து தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறியிருந்தால் 6 மாத மருந்தை முடித்துவிடலாம். ஆறவில்லை என்றால் கிரோன் பக்கம் போவார்கள். காய்ச்சல் நின்று எடை கூடினால் மட்டும் போதாது, புண் ஆறியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது கொலோனோஸ்கோப்பியைச் செலவுக்குப் பயந்து தவிர்த்துவிடாதீர்கள். டி.பி. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது, பதிவு செய்யும்போதே கேளுங்கள். நடுவில் மகனுக்குத் தாங்க முடியாத வலி, வயிறு ஊதி வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் அடைப்பாக இருக்கலாம்.

திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. என் மனைவிக்கு (24) நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, குமட்டுகிறது, 4 கிலோ குறைந்துவிட்டாள். ஸ்கேன் நார்மல். யாரோ இடுமருந்து வைத்துவிட்டார்கள், மருந்து எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார் என் அம்மா. போகலாமா?
- வாசகர், விழுப்புரம்

போக வேண்டாம். உங்கள் அம்மா மருமகள் மேல் உள்ள கவலையில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை போடாதீர்கள். ஆனால் அங்கே இடுமருந்தை எடுப்பதாகச் சொல்லி, வற்புறுத்தி வாந்தி எடுக்க வைத்தால் உணவுக்குழாய் கிழிந்து ரத்தம் வரலாம், உடலில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம். ஏற்கெனவே இளைத்திருக்கும் பெண்ணின் உடம்பு அதைத் தாங்காது.

முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். ஸ்கேன் எடுத்து நாளாகியிருந்தால் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அடுத்து ரத்தசோகை, தைராய்டு, எண்டோஸ்கோப்பி. எடை குறைந்திருப்பதால் 24 வயதானாலும் எண்டோஸ்கோப்பி தேவை.

பிறகு, அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். புது வீட்டில் அவருக்குப் பசிக்கும் நேரத்தில் சாப்பிட முடிகிறதா, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறாரா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறாரா? பிறந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பழகிய வயிறு, திடீரென்று மாலை மூன்று மணிச் சோற்றுக்கு மாறினால் முரண்டு பிடிக்கும். இதையெல்லாம் எந்தப் பெண்ணும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருத்துவரிடம் சொல்வதில்லை. மருத்துவரைப் பார்க்கும்போது அவர் சில நிமிடங்களாவது தனியாகப் பேச இடம் கொடுங்கள்.

54 வயது. மூன்று மாதமாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, பாவாடை நாடா இறுக்குகிறது. சாப்பிடவே பிடிக்கவில்லை. கேஸ் என்று மாத்திரை தருகிறார்கள். குறையவில்லை.
- வாசகி, ஈரோடு

இந்த வாரமே ஒரு மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் உப்புசத்தை, சினைப்பையைப் பார்க்காமல் கேஸ் என்று முடிவு செய்யக் கூடாது. அடிவயிற்று ஸ்கேனும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. ஆனால் சினைப்பைப் புற்று இப்படித்தான், அஜீரணம் மாதிரி வேஷம் போட்டு வரும்.

நான்கு வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் பான்டாபிரசோல் போடுகிறேன். நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட அதிகமாகிறது. அப்படியானால் பெரிய வியாதி ஏதோ இருக்கிறதா? நெஞ்சிலும் சில நேரம் கேஸ் அடைக்கிறது.
- வாசகர், மதுரை

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சடைப்பு வந்து, நின்றால் குறைகிறதா? வியர்வையோடு வருகிறதா, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா? அப்படியானால் அது கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து ஈ.சி.ஜி. எடுங்கள். அப்படி இல்லை என்றாலும், முதலில் இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் வயிற்றுக்கு வர வேண்டும்.

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்த அமிலம் சில வாரங்களுக்கு எகிறும். அதை வைத்துப் பெரிய வியாதி என்று சொல்ல முடியாது. மருத்துவரைக் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனையையும் கேளுங்கள், அதற்கு முன் இந்த மாத்திரையை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இந்தக் கிருமியை 1982-ல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டுபிடித்தபோது, அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "எல்லாம் உன் கவலையால்தான்" என்று யாராவது சட்டென்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இணையத்தில் பார்த்துப் பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இப்போது ரசம் சாதமும் கஞ்சியும்தான். கொஞ்சம் தேவலை. இப்படியே இருக்கலாமா?
- வாசகி, கோவை

வேண்டாம். நீங்கள் செய்திருப்பது மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுமுறையின் முதல் பாதி. அதை 2 முதல் 6 வாரம் வரைதான் கடைப்பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் தயிர். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். மூன்று நாள் அளவைக் கூட்டிப் பாருங்கள், சரி என்றால் பருப்பு. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருள்தான் எதிரி. வெங்காயம் பூண்டு ஆகாது என்று தெரிந்தால் பெருங்காயம் அந்த மணத்தை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சீலியாக் உள்ளவர்கள் பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும்.

ஐந்து டாக்டரைப் பார்த்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் குடல் புற்றுநோய் அறிகுறிகளைத் தேடுகிறேன். ஆறாவதாக ஒருவரைப் பார்க்கப் போகிறேன். இந்த முறையாவது என்ன நோய் என்று தெரிய நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், திருச்சி

போனில் தேடுவதற்குப் பதிலாக இதைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, விடாத காய்ச்சல், விழுங்கச் சிரமம், நெருங்கிய உறவில் குடல் புற்று, 45 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொந்தரவு: இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறாவது மருத்துவரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால், இரண்டு மணித் தேடலில் கிடைக்கப்போவது பயம் மட்டும்தான். அந்த நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அழைத்ததால் உங்கள் வயிற்று வலி பொய் என்று ஆகிவிடாது.

ஐந்து பேரும் முதலிலிருந்து தொடங்கியிருப்பார்கள், அதே ஸ்கேனை மறுபடி எடுத்திருப்பார்கள். ஆறாவதாகப் பார்க்கப் போகிறவரையாவது மாற்றாமல் மூன்று நான்கு முறை பாருங்கள். போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, எத்தனை முறை போனீர்கள், கட்டியாகவா குழம்பு மாதிரியா, அன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். அதை ஒரே பக்கமாகச் சுருக்கி, மேலே "எப்போது தொடங்கியது" என்று தேதியோடு போடுங்கள். போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலி மாத்திரை, சூரணம், லேகியம் உட்பட. மெட்ஃபார்மின் ஒன்றே பலருக்குப் பேதியை வரவழைக்கும். பழைய எண்டோஸ்கோப்பியின்போது சதை எடுத்திருந்தால் அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். பல பேரிடம் படம்தான் இருக்கும், அது இருக்காது.