கயிறு தளரும் நேரம்

அன்புள்ள ஐயா,

கல்குடாவில் சுற்றுலா வருபவர்களைக் குதிரையில் ஏற்றிக் கரையோரம் கூட்டிப்போகும் தொழில் தொடங்கியிருக்கிறேன். நுவரெலியாவில் வாங்கிய ஆறு வயதுக் குதிரை. மணலில் நன்றாக நடக்கிறது. அலைநுரையைக் கண்டால் நின்றுவிடும். இழுத்தால் பின்வாங்கும், அடித்தால் முன்காலைத் தூக்கும். "நீதான் தலைவன் என்று காட்டு" என்கிறார்கள் கூட்டாளிகள். கத்தாரில் குதிரைக் கொட்டிலில் வேலை செய்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

ச., கல்குடா

அன்புள்ள ச.,

முதலில் அடியை நிறுத்துங்கள், இன்றைக்கே. அடித்தால் நுரையோடு வலியும் சேர்ந்து அதன் நினைவில் தங்கிவிடும். பிறகு மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் குளம்பு, பல், முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சேணம் உரசிய புண்ணில் உப்புத்தண்ணீர் பட்டால் எந்தக் குதிரைதான் கடலுக்குள் இறங்கும்?

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் கீழே கிடப்பது தெரியாது, தலையைத் தாழ்த்தித்தான் பார்க்கவேண்டும். அது மிரளும்போது நீங்கள் தலைக்கயிற்றை உயர்த்திப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பார்க்கவேண்டிய நேரத்தில் அதன் கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

மட்டக்களப்பு மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்கப் 'பாதை'தான். வாகனம், ஆள் எல்லாவற்றையும் ஏற்றும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பெரியப்பா வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு நாம்பன் (இளங்காளை) வாங்கினார். பாதையில் ஏற்ற நாலுபேர் பின்னால் தள்ள, ஒருவர் முன்னால் இழுத்தார். பலகை 'தடார்' என்றதும் அது வாவிக்குள் பாய்ந்துவிட்டது. அடுத்த நாள் பெரியப்பா யாரையும் கிட்ட விடவில்லை. கயிற்றைத் தொங்கவிட்டுப் பலகை ஓரத்தில் குந்திக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து நாம்பன் ஒரு காலைப் பலகையில் வைத்தது. உடனே எழும்பி, அதைத் திருப்பி மரநிழலுக்குக் கூட்டிப்போனார். "வந்த மாட்டை ஏன் திருப்புறாய்?" என்று பாதைக்காரர் சத்தம் போட்டார். மூன்றாம் தரம் அது தானாக ஏறியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அர்த்தம் கத்தாரில்தான் புரிந்தது. அங்கே எனக்குப் பழக்கியவர் நான் கயிற்றை விடப் பிந்தும்போதெல்லாம் என் கையில் தட்டுவார். இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. இழுவை நிற்கும் கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதைத்தான் கற்கிறது. இரண்டு விநாடி பிந்தினால் வேறொன்றைப் படித்துவிடும். அது பின்வாங்கும்போது நீங்கள் களைத்துக் கயிற்றை விட்டிருந்தால், பின்வாங்கத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

தலைமை பற்றிக் கேட்டீர்கள். குதிரை உங்களைத் தன் கூட்டத்துத் தலைவனாக எண்ணுகிறதா என்பது எனக்குப் பெரிய விசயமில்லை. அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும். ஒருநாள் தடவலும் மறுநாள் பிரம்பும் என்றால் எப்படித் தெரியும்?

தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசி, கடல் படுத்துக்கிடக்கும் காலையில் போங்கள். ஆளை ஏற்றவேண்டாம். கணுக்கால் தண்ணீரில் நீங்கள் நின்று கயிற்றை மெல்லப் பிடியுங்கள். அது முன்னுக்குச் சாய்ந்தாலே போதும், விட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வருமானம் குறையும், எனக்குத் தெரியும். அதுவரை காய்ந்த மணலில் மட்டும் சவாரி வையுங்கள். ஒரு நாள் அது தலையைத் தாழ்த்தி நுரையை மோந்துபார்க்கும். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்து, எனக்கு ஒருவரி எழுதுங்கள்.