டீசல் வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிடுகிறது. மெக்கானிக் ‘பம்ப் போச்சு’ என்கிறார். நம்பி மாற்றலாமா?

இன்றைக்கே மாற்றாதீர்கள். டீசலை அதிக அழுத்தத்தில் எஞ்சினுக்குத் தள்ளும் அந்தப் பம்ப் போயிருக்கலாம், ஆனால் டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்காமல் பம்பில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. நான் இதில் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். அடுத்த தடவை நிஜமாகவே பம்ப் போனது. இரண்டும் ஒரே வண்டியில்.

என்னுடையது காமன் ரயில் எஞ்சின் உள்ள பிக்கப். பம்ப் தள்ளும் டீசல் ‘ரயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து அதை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, உடுமலை வழியாக மறையூர் மலைக்குப் போவேன். ஒருநாள் ஏற்றத்தில் இழுவை குறைந்தது, எஞ்சின் லைட் எரிந்தது, வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் நின்றது. ஊருக்கு வந்ததும் ஒரு மெக்கானிக் பம்ப்தான் என்றார். லோடு காத்திருந்த அவசரத்தில் நானும் தலையாட்டினேன். கழற்றி பம்ப் கடைக்கு அனுப்பினோம். சோதனை பெஞ்சில் ஓட்டிப் பார்த்து பம்ப் நன்றாக இருக்கிறது என்றார்கள். சீல் கிட் மட்டும் போட்டுத் திருப்பி மாட்டினோம். அதே ஏற்றத்தில் அதே மாதிரி நின்றது.

அப்புறம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பம்பைத் தொடவே இல்லை. எஞ்சினை ரேஸ் பண்ணச் சொல்லி, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ரப்பர் கை பம்பை என்னைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். என் உள்ளங்கைக்குள்ளேயே அது ஒட்டிச் சப்பையாகிக்கொண்டே போனது. டேங்கை இறக்கினால், உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயின் சல்லடையில் பாசி போலக் கறுப்பாகக் கொழகொழவென்று அழுக்கு. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், அதுவும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து இப்படி ஆகுமாம். ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் அழுக்கு சல்லடையை அடைக்கிறது, எஞ்சின் நின்றால் கொஞ்சம் விலகுகிறது. அதனால்தான் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. உங்கள் வண்டியும் இப்படி நின்று, இளைப்பாறி, திரும்ப ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் டேங்க் மேல்தான் வர வேண்டும்.

கை பம்ப் இல்லாத வண்டியென்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கொஞ்ச தூரம் டீசல் தாங்கும் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டுப் பாருங்கள். விடாமல் காற்றுக்குமிழ் வந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது. ஃபில்டர் மூடியின் ஓ ரிங்கிலும், ஹோஸ் கிளிப்பிலும்தான் பெரும்பாலும் இருக்கும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தாலும் இதையே முதலில் பாருங்கள். டேங்குக்குள் மின்சார பம்ப் உள்ள மாடலென்றால் சாவி போட்டதும் அது ஓடும் சத்தம் கேட்கிறதா, அதற்கு கரண்ட் வருகிறதா என்பதும் முக்கியம். சில நேரம் ஒரு ஃபியூஸோடு வேலை முடிந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து வந்தது வேறு மாதிரி. கை பம்ப் கல் போல இருந்தது, குமிழ் இல்லை, ஃபில்டர் புதிது, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஸ்கேனர் போட்டு செல்ஃப் அடிக்கும்போது ரயில் பிரஷர் பார்த்தோம். 110 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டவில்லை. பெரும்பாலான காமன் ரயில் வண்டிகளில் 200 பார் அளவுக்காவது ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். அப்போதும் பம்ப்தான் என்று முடிவு கட்டிவிடவில்லை. இன்ஜெக்டர் ரிட்டனில், அதாவது மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் வழியில், அதிகமாக ஒழுகினாலும் பிரஷர் ஏறாது. நான்கு ரிட்டன் குழாயையும் நான்கு சின்ன பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தோம். நான்கிலும் துளிதான், ஒரே அளவு. ரயிலில் இருக்கும் பிரஷர் வால்வின் ரிட்டனும் காய்ந்து கிடந்தது. கடைசியாகப் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றி, அதிலிருந்த டீசலை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் சாய்த்தோம். ஜிகினா தூவினது போல மின்னியது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொண்டது. பம்புக்குள் இரும்பு தேய்ந்து பொடியாகியிருக்கிறது.

இந்தப் பம்புக்கு உயவு டீசல்தான், தனி ஆயில் கிடையாது. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசும்.

பொடி வந்துவிட்டதென்றால், தயவுசெய்து பம்பை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். அந்தப் பொடி ரயிலிலும் இன்ஜெக்டரிலும் போயிருக்கும், ரிட்டன் வழியாக டேங்குக்கும் திரும்பியிருக்கும். புதுப் பம்பையும் அதுவே தின்றுவிடும். எனக்கு டேங்க், குழாய்கள் கழுவி, ஃபில்டரும் ரயிலும் ஹை பிரஷர் பைப்புகளும் புதிதாகப் போட்டு, இன்ஜெக்டர்களைக் கடையில் சோதித்ததில் இரண்டை மாற்ற வேண்டியிருந்தது. மொத்தச் செலவு 80 ஆயிரத்தைத் தாண்டியது. வலித்தது, ஆனால் பாதி வேலை செய்திருந்தால் இதையே திரும்பக் கட்டியிருப்பேன்.

மாட்டும்போது சுத்தம்தான் முக்கியம். கழற்றிய ஒவ்வொரு வாயையும் உடனே மூடுங்கள், பனியன் வேஸ்ட் நூல் உள்ளே போகக் கூடாது. கை பம்பால் டீசலை நிரப்பிய பிறகே செல்ஃப் அடியுங்கள். புதுப் பம்ப் வெறுமனே சுற்றினால் அங்கேயே தேயத் தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து விநாடி அடித்து, செல்ஃப் மோட்டார் ஆற விட்டு, மறுபடி அடியுங்கள்.

பழைய வண்டியில் ஏர் எடுக்க நாசில் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரயிலில் காட்டவே கூடாது. ஓடும்போது 1,600 பார் வரை போகும் அழுத்தம் அது, ஊசி முனையளவு கசிவும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைத் தேடும்போது அட்டையை நீட்டுங்கள், கையை அல்ல.

உங்களுடையது காமன் ரயில் இல்லாத பழைய ரோட்டரி பம்ப் என்றால் கழற்றும் முன் டைமிங் மார்க்கை (பம்ப் எஞ்சினோடு பொருந்தும் குறி) பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நான் 500 கிலோமீட்டர் ஓட்டியதும் புது ஃபில்டரைக் கழற்றி, அறுத்துப் பிரித்துப் பார்த்தேன். காகித மடிப்புகளில் மினுமினுப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் மறுபடி மறையூருக்கு லோடு ஏற்றினேன்.