மைத்துனரின் டிக்கெட்டும் உங்கள் கார்டும்

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 61, ஊர் ஈரோடு. நானும் மனைவியும், மைத்துனரும் அவர் மனைவியுமாக நாலு பேர் இங்கிலாந்து குரூப் டூர் போகிறோம். யார்க், ஸ்ட்ராட்ஃபோர்டு, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் எல்லாம் பஸ்ஸில் காட்டி, கடைசியில் லண்டனில் விட்டுவிடுவார்கள். அதன்பின் ஐந்து நாள் ஈஸ்ட்ஹாமில் தங்கி, காலையில் ரயிலேறி ஓர் ஊர் பார்த்துவிட்டு இரவு திரும்புவதாக எண்ணம். குறித்த நாட்களில் எத்தனை ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்ற முதல் வகுப்பு பிரிட்ரெயில் பாஸ்தான் லாபம் என்கிறார் மைத்துனர். டூர் பணத்தில் அவர் பங்கு 1,80,000 ரூபாயை என் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். ஐந்து மாதமாக மாதம் 9,000 செலுத்தி வருகிறேன், அவரிடமிருந்து இன்னும் வரவில்லை. நாலு பாஸையும் அதே கார்டில் போட்டு இஎம்ஐ ஆக்கலாமா? 4 லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை.

பதில்: பாஸா டிக்கெட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் அந்த 9,000 ரூபாயில்தான் நின்றது.

காலமெல்லாம் பேரேடு எழுதியவருக்கு வட்டிக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த ஒரு கணக்கை நீங்கள் எழுதிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. கார்டு வட்டி பொதுவாக மாதம் 3.5%, வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆக மாதம் 4.13%. முதல் மாதம் 7,434 ரூபாய் அதற்கே போய்விட்டது. அசலில் கழிந்தது 1,566. ஐந்து மாதத்தில் நீங்கள் கட்டியது 45,000. கடன் குறைந்தது சுமார் 8,500. மிச்சம் 36,500 ரூபாய் மைத்துனருக்கும் போகவில்லை, இங்கிலாந்துக்கும் போகவில்லை.

இன்னொன்று. கார்டில் பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் அந்தக் கார்டைத் தேய்த்து ஒரு காபி வாங்கினாலும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். வெளிநாட்டுச் செலவுக்கான கட்டணம் வேறு. பல கார்டுகளில் 3.5%, அதற்கும் ஜிஎஸ்டி. பாஸை அதில் போடுவதா வேண்டாமா என்பது இதற்கு மேல் கேள்வியே இல்லை.

டெபாசிட்டைத் தொட மனமில்லை என்கிறீர்கள். இன்றைய பாக்கி 1,71,500 என்று வைத்துக்கொள்வோம். அதே தொகைக்கு 7% டெபாசிட் தருவது மாதம் ஆயிரம் ரூபாய். கார்டு பிடுங்குவது 7,000-க்கு மேல். உடைக்க மனசு வராவிட்டால் டெபாசிட்டின் பேரில் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்றோ இரண்டோ சதவீதம்தான் கேட்பார்கள். இந்த வாரமே கார்டு கடனை அடைத்துவிடுங்கள். இஎம்ஐ ஆக்குவது இப்போது நீங்கள் செய்வதைவிடத் தேவலை, அவ்வளவுதான். 'இப்போது பயணம், பிறகு பணம்' என்று போனில் கூப்பிடுகிறவர்களிடம் பேச்சே வேண்டாம்.

இனி ரயில். பிரிட்ரெயில் பாஸ் வெளிநாட்டவருக்கென்றே விற்பது. நாள் கணக்கில் விலை. தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அது கட்டுப்படியாகலாம். யார்க்கும் பாத்தும் உங்களுக்கு டூரிலேயே முடிந்துவிடுகின்றன. மிஞ்சுவது கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ், செயின்ட் பாங்க்ராஸிலிருந்து அதிவேக ரயிலில் கேன்டர்பரி, விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிரைட்டன், பாடிங்டனிலிருந்து அதே அளவில் ஆக்ஸ்ஃபோர்டு. இந்த தூரத்துக்கு முதல் வகுப்பு எதற்கு? காலை நெரிசல் கழிந்ததும் கிளம்பி அன்றே திரும்பும் ஆஃப்-பீக் டே ரிட்டர்ன் டிக்கெட் போதும்.

நாலு ஊருக்கும் சேர்த்து ஆளுக்கு 160 பவுண்டு என்று தோராயமாகப் போடுங்கள். இருவருக்கு 320. 'டூ டுகெதர்' ரயில்கார்டு 35 பவுண்டு. அதில் பெயருள்ள இருவரும் சேர்ந்து பயணித்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, சுமார் 106. கார்டு விலை போக மிச்சம் 71 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்றால் 8,500. வார நாட்களில் காலை 9.30-க்கு முன் அது செல்லாது, உங்களுக்கு அது குறையில்லை. ஐந்து மாத வட்டியாகப் போன 36,500-ஐ பவுண்டாக்கினால் 304. தள்ளுபடிக்கு முன் உங்கள் இருவரின் மொத்த ரயில் செலவே ஏறக்குறைய அதுதான்.

இதைப் படிக்கும் மைத்துனர் ஒன்று சொல்லக்கூடும். மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் 'குரூப்சேவ்' என்று பல ரயில் கம்பெனிகள் அதே தள்ளுபடியை ரயில்கார்டு இல்லாமலே தருகின்றன. உண்மைதான். ஆனால் நாலு பேர் டிக்கெட்டையும் சேர்த்து ஒருவர் எடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த 35 பவுண்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவர் தனிக் கணக்காக இருங்கள்.

சேர்ந்து போவதிலும் ஒரு சங்கடம் உண்டு. பெரிய லண்டன் ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் எண் பலகையில் விழுவது பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். அண்ணாந்து நிற்கும் கூட்டம் எண் வந்ததும் ஒரே திசையில் ஓடும். நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். சித்தப்பா சாண்ட்விச் வாங்கப் போனார், ரயில் போய்விட்டது. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் அட்வான்ஸ் டிக்கெட் என்பதால் ஆறும் வீண். முழு விலை கொடுத்தது நான். ஊர் திரும்பியபின் சித்தப்பா அதைப்பற்றிப் பேசவேயில்லை.

செலவுக்குப் பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடை இயந்திரம் ரூபாயா பவுண்டா என்று கேட்டால் பவுண்டு என்று அழுத்துங்கள். டூர் கம்பெனி முன்கூட்டியே பிடித்த வருமான வரி, அதாவது டிசிஎஸ் தொகை, உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். மைத்துனர் பங்குக்கானதும் உங்கள் பெயரிலேயே ஏறியிருக்கிறதா என்று ரிட்டர்ன் போடுமுன் பாருங்கள். அவரிடம் 1,80,000 கேட்கும்போது அந்த 36,500-ஐயும் எழுதிக் காட்டுங்கள், மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது.